அருங்காட்சியகத்துக்கு உபயதாரர் யார்?

நம்ம கோயில்களில் குழல்விளக்கு எரிந்தால் வெளிச்சத்துக்கு முன்னால் கண்ணில் படுவது அதன்மேல் எழுதியிருக்கும் 'உபயம்' என்ற சொல்தான். இதைச் சொல்லிச் சிரிக்காத தமிழர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நல்ல பழக்கமும் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாம், பொதுக் காரியம் என்றால் கையை இறுக்கிக்கொள்பவர்கள் அல்லர். கும்பாபிஷேகம் என்றால் ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோகும். மும்பையில் ஷண்முகானந்தா அரங்கம் 1990-ல் தீயில் சிதைந்தது. 1998-ல் மீண்டும் கதவு திறந்தது. கொடுக்க மனமுள்ளவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

இப்படிக் கோயிலுக்கும் கச்சேரிக்கும் கொடுக்கத் தெரிந்த சமூகம் அருங்காட்சியகத்துக்கு என்று எப்போதாவது கொடுத்திருக்கிறதா? நம்மை மட்டும் கேட்கும் கேள்வி அன்று இது. குஜராத்தியரையும் மராட்டியரையும் வங்காளியரையும் சேர்த்தே கேட்கலாம். இந்தியா முழுவதும் பொது அருங்காட்சியகங்கள் காசுக்கு அல்லாடுகின்றன. இதற்குக் காரணம் மக்களின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது; வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மும்பையின் இரண்டு அருங்காட்சியகங்களின் கதையே அதற்குப் போதும்.

லாட்டரியில் பிறந்த அருங்காட்சியகம்

அதற்கு முன் ஒரு செய்தி. காசுத் தட்டுப்பாடு அருங்காட்சியகங்களின் உடன்பிறந்த நோய். உலகப் புகழ் பெற்ற பிரிட்டிஷ் அருங்காட்சியகமே அப்படித்தான் பிறந்தது. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1753-ல் இறந்தபோது தாம் சேர்த்த 71,000-க்கும் மேற்பட்ட பொருள்களை, தம் வாரிசுகளுக்கு 20,000 பவுன் கொடுத்தால் நாடே எடுத்துக்கொள்ளலாம் என்று உயில் எழுதி வைத்தார். அவ்வளவு பணத்தைக் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்க அரசு முன்வரவில்லை. நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? லாட்டரிச் சீட்டு நடத்தியது! அந்தச் சீட்டு விற்பனையில் முறைகேடு நடந்து ஊர் சிரித்தது தனிக் கதை. ஆனாலும் அந்தப் பணத்தில்தான் 1759-ல் கதவு திறந்தது.

நம் நாட்டில் முதல் அருங்காட்சியகம் 1814-ல் கல்கத்தாவில், ஆசியச் சங்கத்தில் தொடங்கியது. நதானியேல் வாலிச் என்ற டென்மார்க் நாட்டுத் தாவரவியல் அறிஞர், தம்மிடம் இருக்கும் பொருள்களைத் தருவதாகவும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்வதாகவும் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதுதான் தொடக்கம். சென்னை அருங்காட்சியகமும் 1851-ல், சென்னை இலக்கியக் கழகம் சேர்த்துக் கொடுத்த பொருள்களைக்கொண்டு, எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கியது. தொடங்கி வைப்பவர் தனி மனிதர். தொடர்ந்து நடத்த வேண்டியது யார் என்பதில்தான் எல்லா இடத்திலும் சிக்கல்.

பைகுல்லாவின் கதை

மும்பையில் இருப்பவர்களுக்கு ராணி பாக் தெரியும். பிள்ளைகளுக்குப் புலியும் பென்குவினும் காட்டக் கூட்டிப் போயிருப்பீர்கள். அதன் வாசலை ஒட்டியே இருக்கிறது டாக்டர் பாவூ தாஜி லாட் அருங்காட்சியகம். இந்நகரின் மிகப் பழைய அருங்காட்சியகம் அது.

1855-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்குச் சேர்த்த பொருள்களின் மறுபடிகளைக்கொண்டு, கோட்டைப் பகுதியில் ஒரு படைவீட்டில் இது முதலில் தொடங்கியது. 1857 கிளர்ச்சி வந்ததும் சிப்பாய்களுக்கு இடம் வேண்டும் என்று பொருள்களை அப்புறப்படுத்தினார்கள், பல சேதமாயின. அடுத்த ஆண்டே நகரப் பெரியவர்கள் கூடினார்கள். செல்வர் ஜகந்நாத் சங்கர்சேட், மருத்துவரும் கல்வெட்டு ஆய்வாளருமான பாவூ தாஜி, ஜார்ஜ் பேர்டுவுட் ஆகியோர் முன்நின்று புதிய கட்டடத்துக்கு நன்கொடை திரட்டினார்கள். 1862-ல் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியர் அடிக்கல் நாட்டினார்.

அந்த நேரத்தில் பம்பாயில் பணம் கொழித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து பருத்தி வரத்து நின்றுபோக, லங்காஷயர் ஆலைகள் பம்பாய்ப் பருத்திக்குக் கேட்ட விலை கொடுத்தன. பங்குச் சந்தையில் எல்லோரும் இறங்கினார்கள். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர் பல்கலைக்கழகத்துக்கு அள்ளிக் கொடுத்தது அப்போதுதான். இன்றும் நிற்கிற ராஜாபாய் கோபுரம் அவர் தாயின் பெயரைத் தாங்குகிறது. 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. பங்குகள் வெறும் காகிதமாயின. பாவூ தாஜியே தம் சொத்தை இழந்தார். அருங்காட்சியக வேலை பணமில்லாமல் நின்றது. கடைசியில் அரசு கைகொடுத்து, 1872 மே 2 அன்று திறந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நன்கொடை என்பது மழை மாதிரி, பெய்தால் பெய்யும். கொடுத்தவருக்கு நல்ல காலம் இருக்கும்வரைதான் வரும். அந்த வெள்ளத்தை ஏரியாகத் தேக்கி வைக்க, அதாவது அழியாத மூலதனமாக ஒதுக்கி வைக்க, அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வந்ததெல்லாம் கல்லிலும் இரும்புத் தூணிலும் போயிற்று.

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அருங்காட்சியகம் நகராட்சியின் பொறுப்புக்குப் போயிற்று. நகராட்சிக்கோ குடிநீர், சாக்கடை, குப்பை, பிளேக் என்று தலைக்கு மேல் வேலை. அருங்காட்சியகம் வரிசையில் கடைசிக்குப் போனது. 1975-ல் பாவூ தாஜியின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் புதிதானதே தவிரக் கட்டடம் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

2003-ல் மாற்றம் வந்தது. மாநகராட்சி, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் ஆகிய மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கட்டடம் மாநகராட்சியுடையது, அறக்கட்டளை பணம் தந்தது, இன்டாக் நிபுணத்துவம் தந்தது. கூரை, ஓவிய வேலை, இரும்பு அலங்காரம், தங்க ரேக்கு எல்லாம் பழையபடி மீட்கப்பட்டன. 2005-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் உயர்ந்த விருது கிடைத்தது. 2008-ல் மக்களுக்குத் திறந்தது. கெட்டுப்போக நூறாண்டு எடுத்துக்கொண்ட கட்டடத்தைச் சில ஆண்டுகளில் தூக்கி நிறுத்த முடிந்தது. தனியார் பணம் தனியாக வந்திருந்தால் இது நடந்திருக்காது. அரசு தனியாக நின்றிருந்தாலும் நடந்திருக்காது.

வெளியே தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கும், பார்த்திருப்பீர்கள். கராபுரித் தீவுக்குப் போர்ச்சுகீசியர் எலிஃபண்டா என்று பெயர் வைத்ததற்குக் காரணமான யானை இதுதான். 1864-ல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது விழுந்து துண்டு துண்டாயிற்று. அந்தத் துண்டுகளை யாரோ எடுத்து வைத்ததால், 1914-ல் ஒட்டிச் சேர்க்க முடிந்தது. எடுத்து வைக்க ஆளில்லாதிருந்தால்? கல்லோடு கல்லாகப் போயிருக்கும். அருங்காட்சியகத்தின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இளவரசர் பெயரில் ஒன்று

தென் மும்பையில் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்தின் கதை இன்னொரு விதம். இன்று அதன் பெயர் சத்திரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயா. நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் அது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம்தான். வேல்ஸ் இளவரசர் வருகையின் நினைவாக நகரப் பெரியவர்கள் பணம் திரட்டினார்கள். சர் கரிம்பாய் இப்ராகிம் 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். அரசு நிலம் கொடுத்தது. 1905 நவம்பர் 11 அன்று இளவரசரே அடிக்கல் நாட்டினார். 1909-ல் இதற்கென்றே சட்டம் இயற்றி, அறங்காவலர் குழுவின் கையில் ஒப்படைத்தார்கள். ஜார்ஜ் விட்டெட் கட்டிய கட்டடம் 1914-ல் முடிந்தது. முதல் உலகப் போரில் அது இராணுவ மருத்துவமனையாக இருந்துவிட்டு, 1922 ஜனவரி 10 அன்றுதான் அருங்காட்சியகமாகத் திறந்தது.

உள்ளே வைக்கப் பொருள் வேண்டுமே! சேட் புருஷோத்தம் மாவ்ஜியின் தொகுப்பை 1915-ல் விலைக்கு வாங்கினார்கள். சர் ரத்தன் டாட்டாவின் தொகுப்பு அவர் காலத்துக்குப் பின் வந்து சேர்ந்தது. 2024-ல் மறைந்த ரத்தன் டாட்டாவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் ஜம்ஷெட்ஜியின் இளைய மகன், 1918-ல் காலமானவர். பாடலிபுத்திரத்தில் 1913-ல் நடந்த அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவரும் இவரே. அண்ணன் சர் தொராப்ஜியின் தொகுப்பு 1933-ல் வந்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பைகுல்லா அருங்காட்சியகம் நகராட்சியின் ஒரு துறையாகக் கரைந்துபோனது. இது அறங்காவலர் கையில் தனித்து நின்றது. அரசின் நிலையான மானியத்தை நம்பி இது நடப்பதில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. ஒவ்வொரு காட்சிக்கூடத்துக்கும் ஒவ்வொரு பேருந்துக் கண்காட்சிக்கும் யாரையாவது போய்க் கேட்க வேண்டும். ஆனால் பலனும் உண்டு. கொடுப்பவருக்குத் தம் பணம் எங்கே போயிற்று என்று தெரிகிறது. 2017-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தோடும் தில்லித் தேசிய அருங்காட்சியகத்தோடும் சேர்ந்து 'இந்தியாவும் உலகமும்' என்ற பெருங்கண்காட்சியை நடத்த முடிந்தது இதனால்தான்.

கஜானாவும் வரியும்

அரசுத் துறையின் கீழே நேரடியாக இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒருவர் ஒரு லட்சம் கொடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிற்பக் கூடத்துக்கு விளக்குப் போடச் சொல்லிக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்ளவே மேலிடத்து உத்தரவு வேண்டும். நுழைவுச் சீட்டுப் பணமே கஜானாவுக்குப் போகிற இடத்தில், நன்கொடை தனிக் கணக்கில் நிற்குமா என்று கொடுப்பவருக்குச் சந்தேகம் வருமா வராதா? பணம் இருந்தாலும் காப்பாளர் பதவிக்கு ஆள் எடுக்க அருங்காட்சியகத்தின் தலைவரால் முடியாது.

நம் அரசியல் சாசனத்தில் கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போன்ற ஒருசில நிறுவனங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளன. மாநிலம் நடத்தும் அருங்காட்சியகங்கள் மாநிலப் பட்டியலில். இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் முன்னால் நிற்கும்; நிற்கத்தான் வேண்டும். சிலை பொறுத்துக்கொள்ளும், நோயாளி பொறுக்க மாட்டான் என்பது நியாயமான வாதம். ஆனால் சிலையும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதில்லை. தனி நிதி வந்து வேலை வேகமாக நடந்தபோதும் விபத்து உண்டு. கல்கத்தா அருங்காட்சியகம் தன் 200-ஆம் ஆண்டுக்காகப் புதுப்பிக்கப்பட்டபோது, 2013 டிசம்பரில், ராம்பூர்வாவின் அசோகர் காலத்துச் சிங்கத் தலைப்பகுதி சேதமடைந்தது. 2,200 ஆண்டுகள் தாங்கிய கல்! பணத்தோடு பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தில்லி அன்பர்களுக்கு 2016 ஏப்ரல் 26 நினைவிருக்கும். மண்டி ஹவுஸ் பக்கத்தில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீப்பிடித்து அழிந்தது. 1978-ல் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு அத்தனை ஆண்டுகளாகியும் சொந்தக் கட்டடம் இல்லை. வணிகர் கூட்டமைப்பின் கட்டடத்தில் குடியிருந்தது. ஷண்முகானந்தாவைப் போல அதைத் திரும்பக் கட்டலாம். வெந்துபோன மாதிரிகளை யார் திரும்பச் செய்வது?

அடுத்தது வரி. பிரிட்டனில் 1910 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய வீட்டுக்காரர் இறந்தால் வாரிசுகள் மரணவரிக்குப் பதிலாக ஓவியத்தையோ சிலையையோ நாட்டுக்குக் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். அமெரிக்காவில் ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் அதன் சந்தை மதிப்புக்கு வருமானவரிச் சலுகை உண்டு. அங்கே அருங்காட்சியகங்கள் நிறைந்திருப்பதற்கு அவர்களின் கலை ஆர்வம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் 1953-ல் வந்த மரணவரி 1985-ல் நீங்கியது. அதனால் வாரிசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவோ பணமாகக் கொடுத்தால்தான் சலுகை தந்தது. பொருளாகக் கொடுத்தால் இல்லை. தாத்தாவின் தஞ்சாவூர் ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பவருக்கு ஒரு நன்றிக் கடிதம். ஏலத்தில் விற்பவருக்குக் காசு.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1996-ல் தேசியப் பண்பாட்டு நிதியத்தைத் தொடங்கி, கொடுக்கும் பணத்துக்கு முழு வரிவிலக்கும் தந்தது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் கலை, பாரம்பரியப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் நிறுவனங்களின் கை பெரும்பாலும் கல்விக்கும் மருத்துவத்துக்கும்தான் நீள்கிறது. ஆண்டறிக்கையில் 'இத்தனை ஆயிரம் குழந்தைகள்' என்று எண் போடலாம். 'இத்தனை ஓலைச்சுவடிகள் பூச்சி அரிக்காமல் இருந்தன' என்று எழுதினால் யார் கைதட்டுவார்கள்?

இதற்கிடையே செல்வர்கள் சொந்தமாகவே அருங்காட்சியகம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். தில்லியில் கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் 2010-ல் வந்தது. பெங்களூரில் 'மேப்' என்று அழைக்கப்படும் கலை, நிழற்பட அருங்காட்சியகம் 2023-ல் கட்டடத்தோடு திறந்தது. நல்ல காரியங்கள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பொது நிறுவனத்துக்குப் போன அதே பணம் இப்போது தனி நிறுவனத்துக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று சங்கர்சேட்டுக்கு இருந்த நம்பிக்கை இன்று நம் செல்வருக்கு இல்லை. அதைத் திரும்பப் பெறுவது அருங்காட்சியகங்களின் பொறுப்பு.

தொண்ணூற்றாறு ஆடுகள்

இதற்கு வழி வெளிநாட்டில்தான் தேட வேண்டுமா? நம் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை இடையர்கள் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடும் சாவும் குட்டிகளால் ஈடு செய்யப்படுவதால், மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். யார் பொறுப்பு, எவ்வளவு நெய் என்பதெல்லாம் எல்லோரும் பார்க்கக் கல்லில் வெட்டினார்கள். மூலதனம், வட்டி, தணிக்கை மூன்றும் அதில் அடக்கம்!

இந்த அறிவு நமக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. பிறகு எப்படியோ, ஆட்டை மறந்துவிட்டு விளக்கோடு நின்றுவிட்டோம். இன்று கட்டடத்துக்கும் பளிங்குத் தரைக்கும் பெயர்ப் பலகைக்கும் கொடுப்பவர் கிடைப்பார். காவலருக்குச் சம்பளம், ஈரப்பதம் அளக்கும் கருவி, பட்டியல் எழுதும் ஆய்வாளர், தீயணைப்புச் சோதனை இவற்றுக்குக் கொடுப்பவர் கிடைக்கமாட்டார். ஆனால் பொருளைக் காப்பாற்றுவது இவைதாம். அருங்காட்சியகம் நன்கொடை கேட்கும்போது 'கூடம் கட்ட' என்று கேட்பதை விட்டு, '96 ஆடு கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். கேட்பவர் கணக்கைக் கல்லில் வெட்டாவிட்டாலும் வாசலிலாவது ஒட்டி வைக்க வேண்டும்.

நம் பங்கு

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பின் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளை, அது கடல் கடக்கவில்லை. சென்னையிலேயே நூலகமாகி இன்று நமக்குப் பயன்படுகிறது. எல்லாத் தொகுப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

நம் வீடுகளிலும் சின்னச் சின்னத் தொகுப்புகள் உண்டு. தாத்தா ரயில்வேயில் சேர்ந்தபோது வந்த உத்தரவு, தாராவித் தோல் பட்டறையின் கணக்குப் புத்தகம், மாட்டுங்காக் கல்யாணப் பத்திரிகை, பழைய சங்க மலர்கள். வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது இவைதாம். வெளிமாநிலத் தமிழர் எப்படி வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இவற்றைவிட்டால் ஆதாரம் இல்லை. தமிழ்நாட்டு அருங்காட்சியகம் இதைத் தன் பொறுப்பு என்று நினைக்காது. மும்பை அருங்காட்சியகமும் நினைக்காது. நாம்தான் நினைக்க வேண்டும்.

ஆகவே சங்கங்கள் இரண்டு காரியம் செய்யலாம். உறுப்பினர் வீட்டில் உள்ள பழைய ஆவணங்களை வாங்கி, பட்டியலிட்டு, படமெடுத்து வைக்க ஓர் அலமாரியும் ஓர் ஆளும் ஏற்பாடு செய்யலாம். ஆண்டு விழாச் செலவில் ஒரு சிறு பகுதியைத் தொடாத மூலதனமாகப் போட்டு, அதன் வட்டியில் அந்த ஆளுக்குச் சம்பளம் தரலாம். தொகை சிறிதாக இருந்தால் பரவாயில்லை. மந்தை குறையாமல் இருந்தால் சரி. அடுத்த முறை ராணி பாக் போகும்போது பிள்ளைகளை அந்தக் கல் யானையின் முன்னாலும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். விழுந்து உடைந்தது என்று சொல்வதோடு நிறுத்தாமல், துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.